காருக் கடையில பொண்ணு பாத்த கதை

ஞாயித்துக்கிழமை வீட்டுல எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். தங்கச்சி மீனாவ காருல கூட்டிட்டுப் போயி, மாப்பிள்ளை வீட்டுக்காரவகிட்ட காமிச்சிட்டு, பத்திரமா திருப்பிக் கொண்டாந்து விடணும்.

அவ்வளவுதான். கூரியர்காரன் தெனமும் செய்யுத வேலை.

அதையே நான் எப்படிச் சொதப்புனேன்னு சொல்லுதேன், கேளுங்க.

மொதல்ல மீனாவப் பத்திச் சொல்லிருதேன். தென்காசியில ஒரு ஆஸ்பத்திரியில பிசியோதெரபிஸ்ட்டா இருக்கா. கழுத்து பிடிச்சவன், முட்டி தேஞ்சவன், இடுப்பு ஒடிஞ்சவன் எல்லாரையும் நிமித்தி நடக்க வச்சு அனுப்புதவ. அவளுக்கு மாப்பிள்ளை பாத்துப் பாத்து எங்க அம்மாவுக்குத்தான் இடுப்பு போயிட்டு.

வந்தவங்க எல்லாரும் பஜ்ஜியத் தின்னாவ, காப்பியக் குடிச்சாவ, "ஊருக்குப் போயி சொல்லுதோம்"ன்னு எந்திரிச்சுப் போனாவ. நம்ம பக்கத்துல "ஊருக்குப் போயி சொல்லுதோம்"ன்னா என்ன அர்த்தம்னு ஒங்களுக்கே தெரியும். வேண்டாம்னு அர்த்தம். ஆலங்குளத்துக்காரவ கூட அப்படித்தான் சொன்னாவ. ஆலங்குளம் என்ன துபாயிலயா இருக்கு?

கடைசியா வந்த கூட்டம் போன பொறவு, மீனா காப்பித் தட்டக் கழுவிக் கவுத்திட்டு, இனிமே நான் தட்டு தூக்க மாட்டேன்னு சொல்லிட்டா. கோவமாச் சொல்லியிருந்தா பரவால்ல, சமாளிச்சிரலாம். சிரிச்சிக்கிட்டே சொன்னா. அம்மா அன்னைக்குச் சாப்பிடவே இல்ல.

பொறவு நான் கெஞ்சி, அழுது, சின்ன வயசுல அவளுக்காக அடி வாங்குன கதையெல்லாம் சொல்லி, இன்னும் ஒரே ஒரு மாப்பிள்ளைக்குச் சம்மதிக்க வச்சேன். அதுக்கும் கண்டிசன். வீட்டுக்கு யாரும் வரக் கூடாது. சேலை கெட்ட மாட்டா. வெளிய எங்கயாவது வச்சு செத்த நேரம் பாக்கணும். இதுவும் சரி வரலைன்னா, அதோட அவள விட்டுரணும். அப்புறம் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது.

சத்தியம் பண்ணிக் குடுத்தேன். வேற வழி?

மாப்பிள்ளை செங்கோட்டையில மாட்டு டாக்டர். பேரு இசக்கி. போட்டோவுல ஒரு எருமையோட நின்னாரு. எருமை நல்லா விழுந்திருந்துது.

இப்ப எங்க வச்சுப் பாக்கதுங்கிற பிரச்சினை. வழக்கமா கோயில்லதான் பாப்பாவ. ரெண்டு வீட்டுக்காரவளும் தற்செயலா சாமி கும்பிட வந்த மாதிரி வந்து, "அட, நீங்களா"ன்னு ஆச்சரியப்படணும். பண்பொழி மலைக்கோயில்ல அப்படி ஒரு தடவ ஆச்சரியப்பட்டிருக்கோம். படியேறி மேல போயிச் சேரதுக்குள்ள எல்லாரும் வேர்த்து வழிஞ்சு, மூச்சு வாங்கி, பொண்ணு யாரு பெரியம்மா யாருன்னே அவியளுக்குத் தெரியல. ஓட்டல்ல வச்சுப் பாக்கலாம்னா, தென்காசியில எந்த ஓட்டலுக்குள்ள நொழைஞ்சாலும் சொந்தக்காரன் ஒருத்தன் கை கழுவிட்டு எதுத்தாப்புல வருவான். "என்ன, பொண்ணு பாக்கவா?"ன்னு கேட்டுட்டுத்தான் கையத் தொடைப்பான்.

அப்பத்தான் என் மண்டையில ஒரு பல்பு எரிஞ்சுது. சாகுல் அண்ணாச்சியோட காருக் கடை.

போர்டுல டிரைவ்-இன் ரெஸ்டாரன்ட்டுன்னுதான் போட்டிருக்கும். ஊரு வச்ச பேரு காருக் கடை. மேலகரம் தாண்டி குத்தாலம் ரோட்டுல, தென்னந்தோப்ப ஒட்டி ஒரு பெரிய பொட்டல். காருல போயி நிப்பாட்டுனா, எறங்கவே வேண்டாம். பாதி எறக்குன கண்ணாடியில கொக்கி போட்டு ஒரு இரும்புத் தட்ட மாட்டி, அதுல சாப்பாட வச்சிட்டுப் போயிருவாவ.

அண்ணாச்சி வளைகுடாவுல ரொம்ப வருசம் வண்டி ஓட்டுனவிய. அங்கன டீக்கடை முன்னால காரை நிப்பாட்டி ஆரன் அடிச்சா, கடைக்காரன் ஓடி வந்து காருக்குள்ளயே டீயக் குடுப்பானாம். எறங்கி நிக்க முடியாத வெயிலுல்லா. அத அப்படியே இங்கன கொண்டாந்து போட்டாவ. வெயிலுக்குப் பயந்து எறங்காத ஊருல கண்டுபிடிச்சத, சாரல்ல நனையதுக்குன்னே ஜனம் எறங்குத ஊருல தொறந்த ஒரே மனுசன் அவியதான்.

ஆனா பாருங்க, நேரம் கூடி வந்துச்சு. கொரோனா வந்துட்டு. ஒருத்தன் தும்முனா ஊரே ஓடுன காலம். காருக்குள்ளயே சாப்பாடுன்னதும் ஜனம் அள்ளிச்சு. ரோடு வரைக்கும் வரிசை. அந்தச் சூட்டுலயே அண்ணாச்சி ஒரு பெரிய சுவத்தக் கட்டி, வெள்ளையடிச்சு, சினிமாவும் போட ஆரம்பிச்சாவ. படம் சுவத்துல ஓடும், சத்தம் கார் ரேடியோவுல வரும்.

நாங்களும் குடும்பத்தோட போனோம். படம் போட்ட கொஞ்ச நேரத்துல சாரல். வைப்பரப் போட்டா கதாநாயகன் தெரியுதான், நிப்பாட்டுனா கரைஞ்சு போறான். எல்லாரும் வைப்பர ஓட்டி ஓட்டி பேட்டரி எறங்கிட்டு. படம் முடிஞ்ச பொறவு பாதி ஜனம் மீதி ஜனத்தோட காரைத் தள்ளிட்டுக் கெடந்துது. சீசன்னா சாரல், சீசன் முடிஞ்சா ஆளு இல்ல. சினிமா படுத்துட்டு. அந்தச் சுவத்துல இப்ப சிமெண்டு விளம்பரம்தான் இருக்கு.

சாப்பாட்டுக் கதை அதவிட மோசம். குத்தாலத்துக்குக் காருல வாரவன் புளியோதரை, அவிச்ச முட்டை, துவையல் எல்லாம் வீட்டுலயே கெட்டி எடுத்துட்டுத்தான் வருவான். அண்ணாச்சி கடையில நெழலப் பாத்து வண்டிய நிப்பாட்டுவான். கொண்டாந்தத தின்னுட்டு, ரெண்டு வெங்காயம் நறுக்கிக் கெடைக்குமான்னு கேப்பான். வேலைக்காரங்க ஒவ்வொருத்தரா நின்னுட்டாவ. இப்ப உள்ள ஒரு பரோட்டா மாஸ்டர், வெளிய குடையப் பிடிச்சுக்கிட்டு அண்ணாச்சி.

ஆனாலும் கடைய மூடல. ஏன்னா ஒரு கூட்டம் மட்டும் விடாம வருது. ஒளிஞ்சு திங்கிற கூட்டம். புரட்டாசி விரதக்காரவ, சுகர் மாத்திரைக்காரவ, டயட்டுல இருக்கேன்னு ஸ்டேட்டஸ் போட்டவ எல்லாரும் கண்ணாடிக்குத் துண்டக் கெட்டித் தொங்கவிட்டுட்டு உள்ள உக்காந்து சுக்காவ முழுங்குதாவ. அவியளுக்கு வசதியா அண்ணாச்சி ஆரனையும் நிப்பாட்டிட்டாவ. காருக்குள்ள லைட்டப் போட்டா போதும், சத்தமில்லாம வருவாவ. யாரு மூஞ்சியையும் பாக்க மாட்டாவ, தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கிட மாட்டாவ. தட்ட மாட்டிட்டுத் திரும்பிப் போயிருவாவ.

பொண்ணு பாக்க இதவிட நல்ல எடம் உண்டா? ரெண்டு காரும் பக்கத்துல பக்கத்துல நிக்கும். கண்ணாடிய எறக்கிப் பாத்துக்கிடணும். பிடிச்சா பேச்சு, பிடிக்கலைன்னா கண்ணாடிய ஏத்திக்கிட்டு அவனவன் ரோட்டப் பாத்துப் போயிரணும். தரகர் மூலமா சொல்லி விட்டேன். மாப்பிள்ளையோட அப்பா உடனே சரின்னுட்டாராம், வேற எடமே வேண்டாம்னாராம். என் ஐடியாவப் பாத்து அசந்து போயிட்டாருன்னு நான் வீட்டுல பீத்திக்கிட்டேன்.

எங்க அத்தைக்கு மட்டும் மனசு ஒப்பல. அப்பா கூடப் பொறந்தவ. சாங்கியம், மொறைன்னு வந்துட்டா அவள யாரும் அசைக்க முடியாது. துணைக்கு நானும் வாரேன்னு கெளம்பிட்டா. வண்டியில ஏறுததுக்கு முன்னாலயே எனக்குச் சட்டம் சொன்னா.

"ஏட்டி, காப்பி, டீ பரவால்ல. ஆனா சாப்பாடுன்னு ஒண்ணு அந்தக் காருக்கும் இந்தக் காருக்கும் போகக் கூடாது, பாத்துக்கோ. கை நனைச்சா சம்மதம்னு ஆயிரும்."

நம்ம மொறை அப்படித்தான். பேச்சு முடியாம பொண்ணு வீட்டுச் சோத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரவ கை வைக்கக் கூடாது. வச்சிட்டா அது வாக்குக் குடுத்த மாதிரி. தின்னுட்டு மாட்டேன்னு சொன்னா குடும்பத்துக்கு ஆகாதும்பாவ. காருக் கடையில யாரு சோறு போடப் போறா அத்தைன்னு நான் சிரிச்சேன்.

போனோம். பொடிச் சாரல். வானம் மூடிக் கெடந்துது, தோப்புக்குள்ள ஒரே கருக்கல். மாப்பிள்ளை வீட்டுக் கார் முன்னாலயே வந்து சுவத்தப் பாத்து நிக்கு. ஓட்டுற சீட்டுல மாப்பிள்ளை, பக்கத்துல அவிய அம்மா, மாப்பிள்ளைக்குப் பின்னால அவிய அப்பா. நான் அவியளுக்கு வலது பக்கமா கொண்டு போயி நிப்பாட்டுனேன். என் பக்கத்து சீட்டுல மீனா. கண்ணாடிய எறக்குனா மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் நேருக்கு நேர். கணக்குப் போட்டு வச்சிருந்தேன்.

மீனா பட்டன அமுக்குனா. கண்ணாடி ரெண்டு விரக்கடை எறங்குச்சு, நின்னுட்டு.

மேலயும் போகல, கீழயும் வரல. அந்த சந்து வழியா மாப்பிள்ளையோட அம்மாவுக்கு மீனாவோட நெத்தி மட்டும் தெரிஞ்சிருக்கும். நெத்தியப் பாத்து யாரு சம்மதம் சொல்லுவா?

என் வீட்டுக்காரர் இந்தக் கண்ணாடியச் சரி பண்ணணும்னு ரெண்டு மாசமா சொல்லிட்டு இருந்தாரு. நான்தான் இப்ப அதுக்கு என்ன அவசரம்னு சொன்னவ.

சரின்னு வண்டிய எடுத்து, திருப்பி, பின்பக்கமா கொண்டாந்து நிப்பாட்டுனேன். நான் கார் ஓட்டுத லெச்சணத்துக்கு அது ஒரு தனிக் கச்சேரி. முன்னால போனேன், பின்னால வந்தேன், ஒரு தென்னைய இடிக்கப் போயி தப்பிச்சேன். மாப்பிள்ளை எறங்கி வந்து, "இன்னும் வரலாம் மேடம், இன்னும் கொஞ்சம்"ன்னு கை காட்டுனாரு. பொண்ணு பாக்க வந்தவரு எங்களுக்குப் பார்க்கிங் பாத்துட்டு இருந்தாரு.

இப்ப ரெண்டு காரும் எதிரும் புதிருமா நிக்கு. மீனாவப் பின் சீட்டுக்கு மாத்துனேன், அத்தை முன்னால வந்தா. இப்ப மீனாவுக்கு நேரா மாப்பிள்ளை. எனக்கு நேரா மாப்பிள்ளையோட அப்பா. ரிட்டயர்டு எஸ்.ஐ. மீசை இன்னும் ரிட்டயர் ஆகல.

ஐந்தருவியில குளிச்சிட்டு நேரா வந்திருக்காவ. எஸ்.ஐ. தலையில எண்ணெய் மினுங்குது. எண்ணெய் தேச்சு அருவியில நின்னா வார பசி இருக்கே, அது குத்தாலத்துக்காரவளுக்குத்தான் தெரியும். கல்லக் குடுத்தாலும் கடிக்கலாம்னு இருக்கும். ஆனா மாப்பிள்ளையோட அம்மா, அவருக்கு சுகரு, மத்தியானம் ரெண்டு சப்பாத்தியோட நிப்பாட்டிட்டேன், ஒரு வருசமா வாயக் கெட்டி வச்சிருக்கேன்னு பெருமையாச் சொன்னாவ. எஸ்.ஐ. அதக் கேட்டுட்டு தென்னை மரத்தப் பாத்தாரு.

மாப்பிள்ளை சட்டையில, தோள்பட்டையில வைக்கோல் ஒட்டியிருந்துது. அம்மாக்காரவிய அதையும் சொல்லி வருத்தப்பட்டாவ. காலையில ஒரு பசுவுக்குப் பிரசவம் பாத்துட்டு அப்படியே வந்துட்டானாம், அருவிக்குப் போயும் குளிக்காம மாட்டுக்காரன்கிட்ட போன்ல பேசிட்டே நின்னானாம்.

மீனா கேட்டா, "கன்னு நல்லாருக்கா?"

நானும் அத்தையும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். இதுவரைக்கும் எந்த மாப்பிள்ளைகிட்டயும் அவ தானா ஒரு வார்த்தை பேசுனது கெடையாது.

கால் மாறிக் கெடந்துது, உள்ள கைய விட்டுத் திருப்பி எடுத்தேன், இப்ப ரெண்டும் நல்லாருக்குன்னு அவரு சொன்னாரு. போன நீட்டிக் கன்னுக்குட்டி போட்டோவக் காமிச்சாரு. இவ கண்ணாடிக்கு வெளிய தலைய நீட்டி, போனக் கையில வாங்கிப் பாத்தா. அந்தக் கால இப்படி வளைச்சு நீவி விட்டா சீக்கிரம் நிக்கும்னு இவ சொல்லுதா. ஆளுக்கும் அதேதானான்னு அவரு கேக்காரு. சாரல் ரெண்டு பேரு தலையிலயும் விழுது, ரெண்டு பேருக்கும் அது தெரியல.

என் கண்ணு நெறஞ்சிட்டு. அத்தைக்குத் தெரியாம தொடைச்சேன்.

அந்த சந்தோசத்துல ஒரு கிறுக்குத்தனம் பண்ணுனேன். மாப்பிள்ளையோட அம்மா அந்தப் பக்கத்து சீட்டுல இருந்து எக்கி எக்கிப் பாக்காவ, கருக்கல்ல மீனா மொகம் சரியாத் தெரியலையேன்னு, காருக்குள்ள லைட்டப் போட்டேன்.

அண்ணாச்சி குடையோட வந்து நின்னாவ.

ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி, சும்மா போட்டேன்னு சொல்லி அனுப்புனேன். லைட்ட அமத்துனேன். அம்மாக்காரவிய மறுபடியும் எக்குனாவ. மறுபடியும் போட்டேன். மறுபடியும் அண்ணாச்சி. பாவம், வயசான மனுசன், குடை இருந்தும் நனைஞ்சுட்டு வந்து நனைஞ்சுட்டுப் போறாவ. மூணாவது தடவ வந்து நின்னப்ப எனக்கே வெக்கமாப் போச்சு.

உண்மையச் சொல்லணும்னா, வெக்கம் மட்டும் இல்ல. உள்ள மாஸ்டர் கல்லுல பரோட்டாவ அடிக்க சத்தம் கேக்குது. சால்னா வாசம் காருக்குள்ள வந்து உக்காந்துட்டு. மாப்பிள்ளை வீட்டுக்காரவ முன்னால கொட்டாவி வரக் கூடாதுன்னு நான் காலையில ஒழுங்காச் சாப்பிடவும் இல்ல.

அத்தை அந்தப் பக்கம் திரும்பியிருந்தா. நான் கதவோரமா குனிஞ்சு அண்ணாச்சிகிட்ட, ரெண்டு பரோட்டா, ஒரு பெப்பர் சிக்கன், யாருக்கும் தெரியாம குடுத்துருங்கன்னு குசுகுசுத்தேன். அண்ணாச்சி தனக்குப் பின்னால நின்ன அந்தக் காரையும் ஒரு பார்வை பாத்துட்டு, சரி தங்கச்சின்னு தலையாட்டிட்டுப் போனாவ.

அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம்னு நான் யோசிச்சிருக்கணும்.

அதுக்குள்ள பேச்சு வேற பக்கம் போயிட்டு. கல்யாணத்துக்குப் பொறவும் வேலைக்குப் போவியாம்மான்னு அம்மாக்காரவிய மீனாட்ட கேட்டாவ. போவேன்னா. ராத்திரி ட்யூட்டி உண்டான்னு கேட்டாவ. எப்பமாச்சும் உண்டுன்னா. வீட்டுலயும் ஒரு ஆளு நேரங்காலம் இல்லாம மாட்டுக்கொட்டாயில கெடக்கான், ரெண்டு பேரும் வெளியவே கெடந்தா வெளக்கு யாரு பொருத்துவான்னு கேட்டாவ. முதல்ல வாரவங்க பொருத்தலாம்ன்னு மீனா சொன்னா. மரியாதையாத்தான் சொன்னா. ஆனா அவிய மொகம் சுருங்கிட்டு.

நான் இடையில பூந்து, வெளக்கெல்லாம் இப்ப சுவிட்சப் போட்டா எரியும்லான்னு சொல்லி இன்னும் கெடுத்தேன்.

அவிய முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டு, நிதானமாச் சொன்னாவ. "சரி. ஊருக்குப் போயி கலந்து பேசிட்டு சொல்லுதோம்."

செங்கோட்டை அங்கன இருந்து கூப்புடு தூரம். ஆனா அந்த வார்த்தை விழுந்துட்டு. மீனா நீட்டியிருந்த தலைய உள்ள இழுத்துக்கிட்டா. போன அவருகிட்ட திருப்பிக் குடுத்தா. மறுபடியும் சிரிச்சா, அன்னைக்குத் தட்டக் கவுத்துனப்ப சிரிச்ச அதே சிரிப்பு. மாப்பிள்ளை என்னமோ சொல்ல வாயெடுத்தாரு, அம்மா மொகத்தப் பாத்துட்டு நிப்பாட்டிட்டாரு.

முடிஞ்சுதுன்னு நெனச்சு நான் சாவியத் திருப்பப் போறேன், அப்ப அண்ணாச்சி வந்து நிக்காவ. வேற என்ன வேணும் தங்கச்சி, ஆம்லெட் போடச் சொல்லவான்னு கேட்டாவ.

மொதல்ல பரோட்டா வரட்டும் அண்ணாச்சின்னேன்.

"அப்பமே குடுத்துட்டனே."

நான் திரும்பிப் பாத்தேன்.

என் கைக்கெட்டுத தூரத்துல, அந்தக் காரோட பின் கண்ணாடியில இரும்புத் தட்டு தொங்குது. அதுல வாழையெலை. எலையில ஒரு கருவேப்பெல மட்டும் இருக்கு. எஸ்.ஐ. கடைசித் துண்டு பரோட்டாவால சால்னாவத் தொடைச்சு வாயில போட்டுட்டு இருக்காரு. கண்ண மூடியிருந்தாரு.

நான் மீனா பக்கமே திரும்பி உக்காந்து, நாங்க பொண்ணு, மாப்பிள்ளை, வெளக்குன்னு பேசிட்டு இருந்த நேரத்துல அவரு அந்தத் தட்ட முடிச்சிருக்காரு. முன் சீட்டுல இருந்த அம்மாக்காரவிய திரும்பவே இல்ல. வாசமும் காட்டிக் குடுக்கல. அந்தப் பொட்டல் பூரா அதே வாசம்தான்.

அண்ணாச்சி வெள்ளந்தியா வெளக்கம் சொன்னாவ. யாருக்கும் தெரியாமன்னு நீங்க சொன்னீங்க, ஐயா வழக்கமா வாரவிய, அவியளுக்குத்தான் சொல்லுதீங்கன்னு நெனச்சேன்னாவ. யாரையும் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கிடாத மனுசன், அன்னைக்குப் பாத்து வாயத் தொறந்துட்டாவ.

வழக்கமாவான்னு அம்மாக்காரவிய மெதுவாக் கேட்டாவ.

வியாழக்கெழமை தோறும் குத்தாலத்துக்கு நடைப் பயிற்சிக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்த மனுசன் எங்க நடந்தாருன்னு அன்னைக்குத்தான் வீட்டுக்குத் தெரிஞ்சுது. இந்த எடத்த ஏன் உடனே ஒத்துக்கிட்டாருன்னு எனக்கும் தெரிஞ்சுது. என் மூளைக்குக் கெடைச்ச ஒரே பாராட்டும் போச்சு.

அப்பத்தான் அத்தை எழும்புனா. காருக்குள்ள எழும்ப முடியாதுல்லா, ஆனா எழும்புனா.

"பொண்ணு வீட்டுச் சாப்பாட்டுல சம்மந்தி கை நனைச்சாச்சு. இனி ஊருக்குப் போயி என்னத்தச் சொல்லுதது?"

வண்டி ஏறுததுக்கு முன்னால எனக்குச் சொன்ன சட்டம்தான். இப்ப பிளேட்டத் திருப்பிப் போட்டுட்டா.

அம்மாக்காரவியளும் மொறை தெரிஞ்சவிய, அதான் பிரச்சினை. தெரியாதவங்கன்னா சிரிச்சிட்டுப் போயிருப்பாவ. தின்ன சோத்துக்கு எதிரா மாட்டேன்னு எப்படிச் சொல்லுததுன்னு தவிக்காவ. வீட்டுக்காரரப் பாத்து, ஏங்க, யாரு குடுத்ததுன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தின்னக் கூடாதான்னு கேட்டாவ.

எஸ்.ஐ. மீசையத் தொடைச்சாரு. "சம்மந்தி வீட்டுல குடுத்து விட்டதுன்னு நெனச்சேன்"ன்னாரு.

கள்ளனெல்லாம் இவருகிட்ட வாக்குமூலம் குடுத்த காலம் போயி, இப்ப இவரு குடுக்காரு.

எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் நப்பாசை. இது இப்படியே முடிஞ்சிட்டா நல்லதுதானேன்னு வாய மூடிட்டு இருந்தேன். மீனாதான் விடல.

"அத்தை, சும்மாரு. அவிய பசியில தின்னுட்டாவ. அது சம்மதம் இல்ல. என்னைய ஒரு பரோட்டாவுக்குக் கெட்டிக் குடுத்துராதிய." மாப்பிள்ளையோட அம்மாவப் பாத்து, நீங்க ஒண்ணும் சங்கடப்பட வேண்டாம், ஊருக்குப் போயே சொல்லுங்கன்னா. அக்கா, வண்டிய எடுன்னா.

நான் வண்டிய எடுத்தேன். எடுத்தேன்னா, சாவியத் திருப்புனேன். கிளச்சப் படக்குன்னு விட்டுட்டேன், வண்டி ஒரு குலுக்கு குலுக்கிட்டு நின்னு போச்சு. என் டிரைவிங்க எல்லாரும் கேலி பண்ணுவாவ. அன்னைக்கு அது நின்னது சாமி புண்ணியம்.

மாப்பிள்ளை கதவத் தொறக்காரு. ரெண்டு காருக்கும் நடுவுல எடம் பத்தல. வயித்த எக்கிக்கிட்டு, ஒருக்களிச்சு வெளிய வந்தாரு. தோள்ல அந்த வைக்கோல் இன்னும் இருக்கு. சாரல்ல கைய நீட்டி நல்லாத் தேச்சுக் கழுவுனாரு. பிரசவம் பாக்கதுக்கு முன்னால கழுவுற மாதிரி, முழங்கை வரைக்கும்.

கழுவிட்டு என் கண்ணாடிகிட்ட குனிஞ்சாரு. அதுவரைக்கும் மேடம், மேடம்னு கூப்புட்டவரு.

"மதினி, எனக்கும் ரெண்டு பரோட்டா சொல்லுங்க."

கெட்டிக்கிடப் போறவளோட அக்காவத்தான் மதினின்னு கூப்புடுவாவ. அது அவருக்கு நல்லாத் தெரியும். அத்தைக்கும் தெரியும். அவிய அம்மாவுக்கும் தெரியும்.

அண்ணாச்சி நான் சொல்லுத வரைக்கும் காத்து நிக்கல. குடைய என் கையில திணிச்சிட்டு மாஸ்டர்கிட்ட ஓடுனாவ. இந்தத் தடவ தட்ட மீனாவோட கண்ணாடியில மாட்டுனாவ. எனக்குச் சந்தேகம், பேச்சையெல்லாம் கேட்டுட்டு வேணும்னேதான் மாட்டுனாவ. மாப்பிள்ளை வெளிய நின்னபடியே பிச்சுத் தின்னாரு. எங்கள யாரையும் பாக்கல, அவளத்தான் பாத்தாரு. பாதியில எலைய அவ பக்கமா தள்ளி வச்சாரு. அவ ஒரு துண்ட எடுத்தா. அழுதுகிட்டே திங்கா, காரமா இருக்குன்னு சமாளிக்கா.

நான் கண்ணாடி வழியா அவரு தலைக்கு மேல குடையப் பிடிச்சபடி இருந்தேன். கை கடுத்துட்டு. எடுக்கல.

அம்மாக்காரவிய ரொம்ப நேரம் மவன் முதுகையே பாத்துட்டு இருந்தாவ. ஒருநாளும் எதுத்துப் பேசாத பிள்ளையாம், பொறவு சொன்னாவ. அன்னைக்கும் பேசலையே, தின்னாருல்லா. அத்தை மெதுவா, ஒங்களுக்கும் ஏதாவது சொல்லவான்னு கேட்டா. எனக்கு டீ மட்டும் போதும்னாவ. "நான் இன்னும் கை நனைக்கல. அது ஞாபகம் இருக்கட்டும்."

இருக்கட்டும்னு அத்தையும் ஒத்துக்கிட்டா. மொறை மொறைதான்.

அவிய நனைச்சது நிச்சயதார்த்தத்தன்னைக்கு, எங்க வீட்டு மாடியில. மொதப் பந்தியில, மொத எலையில உக்காந்தாவ. பாயாசத்த ரெண்டாவது தடவ கேட்டு வாங்குனாவ. எஸ்.ஐ.ய பக்கத்துலயே உக்கார வச்சு, அவரு எலைக்கு மேல கைய மறிச்சு வச்சுக்கிட்டாவ. வெளக்கு விசயமும் பேசி முடிஞ்சிட்டு. அந்த நேரத்துல வீட்டுல யாரு இருக்காவளோ அவியதான் பொருத்தணுமாம். இப்ப அது எஸ்.ஐ.தான். வியாழக்கெழமையும் அவரு வீட்டுலதான் இருக்காரு.

போன ஞாயித்துக்கிழமை சாகுல் அண்ணாச்சிக்குப் பத்திரிகை வைக்கப் போனேன். உள்ள நொழைய எடம் இல்ல. பொட்டல் பூரா காரு. அதுவும் ஒண்ணு சுவத்தப் பாத்து, அடுத்தது ரோட்டப் பாத்து, ஜோடி ஜோடியா எதிரும் புதிருமா நிக்கு. கண்ணாடி எல்லாம் எறங்கிக் கெடக்கு, உள்ள பட்டுச்சேலையும் மல்லியப்பூவும். எங்க கதை தரகர் வாய் வழியா செங்கோட்டை, கடையநல்லூர், சுரண்டைன்னு சுத்தி வந்திருக்கு. பொண்ணு பாக்கணும்னா இப்ப எல்லாரும் காருக் கடைக்குத்தான் வாராவளாம்.

எனக்குப் பெருமை தாங்கல. சினிமா போயி, சாப்பாடு போயி, படுத்துக் கெடந்த கடைய நான்ல்லா தூக்கி நிறுத்தியிருக்கேன்னு நெனச்சுக்கிட்டே, யாவாரம் அமோகம்போல அண்ணாச்சின்னு கேட்டேன்.

அண்ணாச்சி பத்திரிகைய வாங்கி இடுப்புல சொருகிட்டு, அந்தக் காருகளையெல்லாம் ஒரு சுத்து பாத்தாவ.

"காரு நிக்க எடம் இல்ல, தங்கச்சி. ஆனா கை நனைஞ்சிரும்னு பயந்து ஒருத்தர் கூடப் பரோட்டா கேக்க மாட்டேங்காவ."

நான் கண்ணாடிய ஏத்திட்டு வண்டிய எடுத்தேன்.